வால் கனத்த விமானம்

உனக்கு ‘அன்புள்ள’ என்று போட்டு எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை. அதனால் போடாமலே தொடங்குகிறேன். உயிரோடு இருக்கும்போதே என் பேச்சைக் கேட்காதவன் நீ. செத்தபிறகா கேட்கப்போகிறாய்? இருந்தாலும் எழுதித்தான் தீர வேண்டியிருக்கிறது.

முந்தாநாள் உன் மனைவி ஓர் அட்டைப்பெட்டியை ஆட்டோவில் வைத்து என் லேபுக்கு அனுப்பியிருந்தாள். பல் டாக்டர்களுக்குப் பல் செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிற இடத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டி வருவதில்லை என்பதால் வேலை பார்க்கும் பெண்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள். மூடியைத் திறந்ததும் எடையே இல்லாத பால்சா மரக்கட்டையின் வாசனை வந்தது. கூடவே உடனே ஒட்டும் பசையின் அந்தக் கண்ணெரிச்சல் நெடி. மூன்று வருடமாக அந்த நெடி பட்டாலே எனக்குக் கோபம் வரும். உள்ளே பாதி கட்டி முடித்த ஒரு ரிமோட் விமானம் இருந்தது. பழையது போலவே ஐந்தடி இறக்கை, துண்டுகளாக வாங்கி நாமே கோர்க்கிற அதே கிட். நீ இன்னொன்று வாங்கியிருக்கிறாய்.

உடல் பகுதியை எடுத்துத் திருப்பினேன். இறக்கை உட்காரும் இடத்தில் நீல நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கறை. எனக்கு அந்த நீலம் தெரியாதா? புதுப் பல் வைத்ததும் நோயாளியின் வாயில் ஒரு நீல மைத்தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே மேடு இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் தேய்த்து எடுப்பது வழக்கம். உன் பட்டறையில் நான் விட்டுவிட்டு வந்த தாள்கட்டைத்தான் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாய். இறக்கையை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பவில்லை. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பெண்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் பெட்டியை அப்படியே மூடிக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அந்தப் புத்தி மூன்று வருடம் முன்னால் எங்கே போயிருந்தது உனக்கு?

முதல் கிட் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? திருச்சி ரோட்டில் உன் லாரி பாடி கட்டும் பட்டறை. அதன் பின்னறையில், வெல்டிங் ராடுகளை ஒதுக்கிவிட்டு, பெஞ்சின்மேல் பிரித்துப் போட்டோம். ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. குறுக்குச் சட்டங்கள் அவற்றுக்காக வெட்டிய காடிப் பள்ளத்தில் இறங்கவில்லை. மோட்டார் மாட்டும் பலகையில் ஓட்டை ஓரிடம், மோட்டாரில் ஓட்டை வேறிடம். உடலின் இரண்டு பக்கத் தகடுகளில் ஒன்று இன்னொன்றைவிட நகக்கண் அளவு நீளம். இறக்கை உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் மேடு. வால் நிற்க வேண்டிய காடியோ அகலம், வாலைச் செருகினால் குடிகாரன் மாதிரி ஒருபுறமாகச் சாய்ந்தது. கூட வந்த குறிப்புத் தாளில் படம் மட்டும் அழகாக இருந்தது.

நீ சிரித்தாய். "இதென்னடா பெரிய விசயம்? நமக்கு எந்த சேஸு ஒழுங்கா வந்துருக்குது?" என்றாய்.

உன் தொழில் அது. ஒவ்வொரு லாரிக்கும் வந்த சேஸை, அதன் அடிச்சட்டத்தை, பார்த்துத்தான் பாடி கட்டுவாய். சேராத இடத்தில் செயின் பிளாக் போட்டு இழுப்பாய், ஜாக்கி கொடுத்துத் தூக்குவாய், கடைசியில் சம்மட்டி. அதற்கும் மிஞ்சிய சந்தில் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. "போல்ட்டு எறங்குனா ஜோலி முடிஞ்சுது" என்பது உன் வேதம். என் தொழிலில் ஒரு மயிரிழை மேடு இருந்தால் மனுசன் சாப்பிட முடியாமல் மறுநாள் வந்து நிற்பான். பசை போடாமல் நாலு தடவை கோர்த்துப் பார், தேய்ப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ கேட்கிற ஆளா?

நான் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே நீலத்தாளை வைத்து அழுத்தியபோது பட்டறை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். "ஏன்டா பல்லு, ஏரோப்ளேனை வாயத் தொறக்கச் சொல்லிக் கடிக்க வெக்கிறயா?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவன் என்பதால் நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பிடிக்கவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சண்டை வேண்டாமென்று பாகம் பிரித்துக்கொண்டோம். முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. அண்ணன் தம்பி காடு பிரிக்கிற மாதிரி ஒரு விமானத்தைப் பிரித்துக்கொண்ட மூடர்கள் இந்த ஜில்லாவில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். இறக்கையைப் பொருத்த மட்டும் எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. இரும்பு ஸ்கேலில் உப்புத்தாளை ஒட்டி, மேட்டில் பத்து இழுப்பு இழுப்பேன், நீலத்தாள் வைப்பேன், மறுபடி இழுப்பேன். தாழ்ந்த பக்கத்துக்குச் சீவல் போல ஒரு பால்சா பட்டையைக் கொடுத்தேன். வால் நுனியில் நூலைக் கட்டி இரண்டு இறக்கை முனைக்கும் இழுத்து அளந்தேன். இரண்டும் ஒரே நீளம் வந்தபோதுதான் பசையைத் திறந்தேன்.

வாலை நிறுத்த உனக்கு அரை மணி நேரம்தான் பிடித்தது. அகலமான காடியின் இரண்டு பக்கமும் மெல்லிய பால்சா பட்டை ஒட்டி இறுக்கு என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். நீ டப்பாவைத் திறந்து, லாரி கதவுக்குப் பூசுகிற பட்டியைக் குழைத்து, வாலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சந்து முழுக்க அப்பினாய். காய்ந்ததும் தேய்த்தாய், மேலே இன்னொரு கோட், அதன்மேல் இன்னொன்று. பிறகு பெயின்ட். வாலில் மஞ்சள் எழுத்தில் ‘ஒலி எழுப்புக’ என்று வேறு எழுதி வைத்தாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் வாலைத்தான் மெச்சினார்கள். என் இறக்கை வேலையை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கையைப் போட்டபிறகு அந்த வேலை கண்ணுக்கே தெரியாது.

"கனமாயிருச்சுடா பின்னால" என்றேன்.

"கனமிருந்தாத்தான்டா நிக்கும். காலி லாரிதான் தூக்கித் தூக்கிப் போடும். பின்னால லோடு ஏத்திப் பாரு, மெத்துன்னு போவும். உனக்கு வண்டியப் பத்தி என்னடா தெரியும்?" என்றாய்.

உன் பட்டறையில் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். லோடு ஏற்றினால் ஓட்டம் நன்றாக இருக்கும் என்பதை இந்த ஊரில் எவனும் மறுக்க மாட்டான். விமானத்துக்கு வால் கனத்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், பிறகு எந்தக் கையாலும் அடக்க முடியாது என்று நான் சொன்னது அவர்கள் காதில் ஏறவே இல்லை. பல்லுக் கட்டுகிறவன் பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

சேந்தமங்கலம் தாண்டி அந்த வறண்ட ஏரி. ஞாயிறு காலை, எதிரே கொல்லிமலை தெளிவாகத் தெரிந்தது. நம்மைப்போல விமானம் விடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எப்போதும் குடை நாற்காலியோடு வருகிற கோழிப்பண்ணைக்காரரும் இருந்தார். தெர்மாகோல் விமானத்தில் ஒரு வருடம் பழகியவன் நான் என்பதால் ரிமோட்டை நீயே என் கையில் கொடுத்தாய். என் பக்கத்தில் தோளோடு தோளாக நின்றுகொண்டாய்.

ஓடியது, எழும்பியது, எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த கணம் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கியது. ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினேன். தலை குனிந்து, மறுபடி முன்னைவிட வேகமாகத் தூக்கிக்கொண்டது. அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு வால் கீழே, சுற்றிச் சுற்றி, கரையோரச் சீமைக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு ஞாயிற்றுக்கிழமை வேலை.

முதலில் ஓடியவன் நீ. இறக்கை மூன்று துண்டு, மூக்கு தூள். முள்ளில் கை கிழிய நீ வெளியே எடுத்தது வாலை. அது மட்டும் முழுசாக இருந்தது, பட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாய்.

"பாத்துக்குங்க, என்ற வேலை அப்படியே நிக்குது. இவனுக்குக் கை நடுங்கிருச்சுங்க. அதான் போட்டுட்டான்" என்றாய்.

அந்த வார்த்தையை நீ விளையாட்டாகச் சொன்னாயோ, அவமானத்தை மறைக்கச் சொன்னாயோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இது சின்ன ஊர். கோழிப்பண்ணைக்காரரின் மருமகள் பல் டாக்டர் என்பது உனக்குத் தெரியும். பத்து நாளில் அந்த டாக்டரம்மா போனில் கேட்டார்: "கை எப்படிங்க இருக்குது? நரம்பு டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" நான் சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு நுணுக்கமான வேலையெல்லாம் சேலத்து லேபுக்குப் போக ஆரம்பித்தது. அவரைப் பார்த்து இன்னொரு டாக்டரும் அனுப்புவதை நிறுத்தினார். சாதாரணப் பல் செட்டுகள் மட்டும் எனக்கு வந்தன. இருபது வருடம் இந்தக் கையை வைத்துத்தான் பிழைத்தேன். என் கையைக் குறை சொல்லிவிட்டு நீ போய் டீ குடித்தாய்.

நான் உன்னிடம் வந்து கேட்கவில்லை. நீயும் வரவில்லை. பேச்சுவார்த்தை அறுந்தது. ஒரே டீக்கடையில் நீ உள்பெஞ்சில் இருந்தால் நான் வெளியே நின்று குடித்தேன். யாராவது கையைப் பற்றி விசாரித்தால், டம்ளரைத் தளும்பத் தளும்ப வாங்கி, சிந்தாமல் பிடித்துக் காட்டுவேன். இந்த வயதில் இப்படி வித்தை காட்ட வைத்தாய். உன்னை நான் வெறுத்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் முன்பு, லாரி கேபினுக்குள் குனிந்த நீ நிமிரவில்லை என்று செய்தி வந்தது. நான் அசையவில்லை. என் வீட்டுக்காரிதான் பிடித்துத் தள்ளினாள். "நல்லதுக்குப் போகலீனாலும் கெட்டதுக்குப் போவோணும். கெளம்புங்க" என்றாள். வந்தேன். டிரைவர்களுக்கும் வெல்டர்களுக்கும் நடுவே நின்றேன். ஐஸ் பெட்டியில் உன் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒருமுறை பட்டறையில் லீவர் எகிறி உன் முன்பல் உடைந்தபோது நான் செய்து கொடுத்த பல் தெரிந்தது. அது உனக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அழுகை வரவில்லை, இந்தப் பல்லைச் செய்த கையா நடுங்கியது என்றுதான் தோன்றியது.

கோழிப்பண்ணைக்காரர் என் அருகே வந்து காதோடு சொன்னார்: "செத்தவரப் பேசக்கூடாதுங்க. ஆனா அன்னைக்கு அவுரு பட்டி அப்புனதுதானுங்க தப்பு. வால் கனத்துப் போச்சு. பொறவு யோசிச்சுப் பாத்தா எங்களுக்கே வெளங்குச்சு. உங்க மேல பழி போட்டுட்டாங்க." மூன்று வருடம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஏங்கினேன். கிடைத்ததும் வாயைத் திறந்து, ஆமாங்க என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. செருப்பைத் தேடுவது போல அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். கேட்டுக்கொள்.

விமானம் விட்ட அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம், பட்டறையின் பின்னறையில் விமானம் முழுசாகக் கோர்த்து பெஞ்சின்மேல் இருந்தது. உன்னை ஒரு டிரைவர் கூப்பிட, நீ வெளியே போனாய். நான் இரண்டு இறக்கைக்கும் அடியில், குறிப்புத் தாளில் சொன்ன இடத்தில், ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினேன். சரியாக இருந்தால் விமானம் மட்டமாக நிற்கும், மூக்கு இறங்கினாலும் பாதகமில்லை. வால் டொக்கென்று பெஞ்சில் இறங்கியது. பேட்டரியைப் போட்டுத் தூக்கினேன். மறுபடியும் வால்தான். அறை மூலையில், சக்கரம் பேலன்ஸ் பண்ணுகிற ஈயக்கட்டிகள் ஒரு தகர டப்பா நிறையக் கிடந்தன. மூக்கில் நாலைந்து வைத்து ஒட்டியிருந்தால் பறந்திருக்கும். கொஞ்சம் சோம்பலாகத்தான் பறந்திருக்கும், ஆனால் விழுந்திருக்காது.

நான் விமானத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். நீ உள்ளே வந்து, "என்னடா, எல்லாம் சரிதானே?" என்று கேட்டாய். "காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

விழட்டும் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் விழட்டும், உன் பட்டியும் உன் சம்மட்டிப் புத்தியும் நாறட்டும், அப்புறம் என் நீலத்தாளைப் பார்த்து எவன் சிரிக்கிறான் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்காக நான் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திய இறக்கையையும் சேர்த்துக் கொடுத்தேன். இதை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்று பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். உன் மனைவி வாசலிலேயே, "எதுக்குங்கண்ணா திருப்பிக் கொண்டாந்தீங்க? நீங்கதான் முடிச்சுக் குடுக்கோணும். அவரு அதைக் கட்டறப்ப, ‘இதைப் பல்லு பாத்தா என்ன சொல்லுவான்’னு அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு" என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். விரல் வைத்துப் பார்த்தது, வால் இறங்கியது, வாயை மூடிக்கொண்டு போனது, எல்லாம்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"நீங்க பாத்தது எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஆனா அவரும் பாத்தாரு" என்றாள்.

"எப்ப அம்மிணி?"

"அன்னைக்கேதானுங்க. நீங்க போன பொறவு ஊட்டுக்கு எடுத்தாந்தாரு. ஒரு பக்கத்து றெக்கைக்கு நாந்தான் வெரல் குடுத்தேன். வால் பொதுக்குன்னு எறங்கிருச்சு. ‘ஈயம் வெக்கோணும், இல்லீனா உழுந்துரும்’னாரு. அப்ப வெச்சுப் போடுங்கன்னேன். ‘பல்லு சொல்லட்டும். அவன் சொன்னா வெக்கறேன். நானா வெச்சா நான் போட்ட பட்டி தப்புன்னு ஆயிரும்’னாரு. அவன் கட்டாயம் பாத்துச் சொல்லுவான், அவன் சொல்லாம இருக்கமாட்டான்னாரு."

பெட்டியைக் கீழே இறக்கி வைத்தேன்.

"காத்தால ஏரிக்கு வாரப்ப அந்த ஈயத்தைச் சட்டை ஜோப்புல போட்டுக்கிட்டுத்தானுங்க வந்தாரு. திரும்பி வந்து சட்டையத் தொவைக்கப் போட்டப்பவும் ஜோப்புலயேதான் கெடந்துச்சு."

அடப்பாவி. என் தோளை உரசிக்கொண்டு நின்றாயே. நான் வாயைத் திறப்பேன் என்று ஜோப்பில் ஈயத்தோடு நின்றாயா? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாய். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவன் சொல்லாமல் இருக்கமாட்டான் என்று உன் பொண்டாட்டியிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தவன் பக்கத்தில், விமானம் விழுந்து தொலையட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு ஏன்டா அந்த வாலைத் தூக்கிக் காட்டினாய்? நான் சொல்லாமல் விட்டதை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாயா? கண்டுபிடித்த கோபத்தில்தான் என் கையைப் பழித்தாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன் இதை?

பெட்டியைத் திரும்ப லேபுக்கே கொண்டுவந்துவிட்டேன். கட்டி முடிக்கத்தான் போகிறேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது அப்படியே இருக்கிறது. ஆனால் மூன்று வருடமாகக் கேட்டவர்களிடமெல்லாம் என் கை நடுங்கவில்லை, நடுங்கவில்லை என்று சாதித்துக்கொண்டு அலைந்தேன். வருகிற ஞாயிறு ஏரிக்குப் போய், கோழிப்பண்ணைக்காரரையும் மற்றவர்களையும் நிற்க வைத்து, இன்னும் ஒரு தடவை அதையேதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் கை நடுங்கவே இல்லைங்க, விழும் என்று தெரிந்துதான் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். உன் ஜோப்பில் ஈயம் இருந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். உன்னை மட்டும் நல்லவனாக்கிவிட்டு வர மாட்டேன்.